தாடை மூட்டு வலியும் மருத்துவம் நாடும் முறையும்

முன்னுரை

பேச்சு மனிதனுக்கு வாய்த்த பெரும்பேறு. அப்பேச்சொலிகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைக்கின்றார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என அவை எட்டாகும். இவ்வெட்டனுள் தாடை தனித்து எண்ணப்படவில்லை. எனினும் அகரமும் ஆகாரமும் வாயை அங்காத்தலால் பிறக்கும் என்று அவர் கூறுமிடத்தில் தாடையின் தொழில் குறிப்பாற் சுட்டப்படுகிறது எனலாம். அங்காத்தல் என்பது வாய் திறத்தல். வாய் திறத்தலோ தாடை மூட்டின் தொழில். தமிழின் முதலெழுத்தை ஒலிப்பதற்கே இம்மூட்டு இயங்கியாக வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

உண்ணல், பேசல், ஓதல், சிரித்தல், கொட்டாவி விடுதல் ஆகிய அனைத்துக்கும் இம்மூட்டின் துணை வேண்டும். ஆதலின் இது நோவுற்றால் மனிதனின் அன்றாட வாழ்வு முழுவதும் நோவுறுகிறது. கால் வலிப்பவன் அமர்ந்து ஓய்வு கொள்ளலாம்; தாடை வலிப்பவன் உண்ணாமலும் பேசாமலும் எத்தனை நாள் இருத்தல் கூடும்? மாதக்கணக்கில் நீடிக்கும் இவ்வலியினும் கொடியது ஒன்றுண்டு. அஃது எம்மருத்துவரை நாடுவது, எம்மருத்துவத்தை ஏற்பது என்று அறியாமல் அலைவதாகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயை ஆராய்தல், அதன் காரணத்தை ஆராய்தல், தணிக்கும் வழியை ஆராய்தல், அதன்பின் பொருந்தச் செய்தல் என ஒரு வரிசையைக் காட்டுகின்றார். தாடை மூட்டு வலியைப் பொறுத்தவரை, கடந்த நூறாண்டுகளில் விளைந்த துன்பங்களுட் பல இவ்வரிசை மாறியதால் விளைந்தவையே. அவ்வரிசையைப் பின்பற்றியே, இவ்வலிக்கு மருத்துவம் நாடும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டின் அமைப்பு

காதுக்கு நேர் முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், விரலுக்கடியில் ஒரு முண்டு அசைவதை உணரலாம். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் மேல்முனையிலுள்ள உருண்டை, மண்டையோட்டின் பொட்டெலும்பிலுள்ள குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே நார்த்தன்மை கொண்ட மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது.

இம்மூட்டுக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. முதலாவது, இதன் இயக்கம் இருவகைப்பட்டது. வாய் சிறிது திறக்கும்வரை உருண்டை குழிக்குள்ளேயே கதவின் கீல்போல் சுழல்கிறது. மேலும் அகலத் திறக்கும்போது உருண்டையும் வட்டும் சேர்ந்து குழியை விட்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கின்றன. இரண்டாவது, வலமும் இடமும் உள்ள இரு மூட்டுகளும் ஒரே எலும்பால் பிணைக்கப்பட்டவை. ஒன்று அசைய மற்றொன்றும் அசைந்தே ஆகவேண்டும். ஒருபக்கம் நோவுற்றால் மறுபக்கமும் சுமை தாங்க நேர்வது இதனால்தான்.

இம்மூட்டை இயக்குபவை கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் தாடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லும் தசைகள். பற்களைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டால் திரண்டு நிற்கும் தசை இவற்றுள் ஒன்று. தாடை வலி என்று நாம் கூறுவதில் பெரும்பகுதி மூட்டின் வலியன்று, இத்தசைகளின் வலியே என்பதை நெஞ்சிற் கொள்ளல் வேண்டும்.

நோயின் வகைகள்

இந்நோய் ஒன்றன்று, ஒரு குடும்பம். இதனை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதல்வகை தசைவலி. கன்னமும் நெற்றிப்பொட்டும் வலிக்கும். மெல்லும்போது மிகும். காலையில் எழும்போதே தாடை களைத்திருக்கும். தலைவலியும் உடன்வரும். மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையே.

இரண்டாம் வகை வட்டு இடம்பெயர்தல். வட்டு சற்று முன்னே நழுவி, வாய் திறக்கும்போது மீண்டும் இடத்தில் வந்து பொருந்தும். அப்பொழுது 'டக்' என்னும் ஒலி எழும். சிலருக்கு வட்டு மீளாமல் தடுத்து நிற்க, வாய் பாதியளவே திறக்கும். இயல்பாக ஒருவர் தம் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே வைக்க இயலும். 40 மில்லிமீட்டர் அளவு திறப்பது இயல்பு எனலாம்.

மூன்றாம் வகை மூட்டுத் தேய்வும் மூட்டழற்சியும். முழங்காலில் வருவதுபோலவே இங்கும் தேய்வு வரக்கூடும். முடக்குவாதம் இம்மூட்டையும் தாக்கக்கூடும்.

ஈண்டு ஒரு செய்தியை வலியுறுத்த வேண்டும். வலியின்றி ஒலி மட்டும் எழுமாயின் அதற்கு மருத்துவம் வேண்டுவதில்லை. வலியே அறியாத பலரிடத்தும் வட்டு விலகியிருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியுள்ளன. ஒலியைக் கேட்டு அஞ்சி, படத்தைக் கண்டு மேலும் அஞ்சி, அறுவை மருத்துவத்தை நாடுதல் தேவையற்றது.

அமெரிக்க தேசியப் பல், முக ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, நூற்றுக்கு 5 முதல் 12 பேர்வரை இந்நோய்க்கு ஆட்படுகின்றனர். ஆடவரைவிடப் பெண்களிடத்து ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. பெரும்பாலும் முதுமையின் நோயன்று. இளமையிலும் நடுவயதிலும் வருவது. ஆகவே மாணவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நோய்முதல்

ஒரு நோய்க்கு ஒரு காரணம் என்று எண்ணுவது மனித இயல்பு. தாடை வலியில் அவ்வெண்ணம் பயன்படுவதில்லை. முகத்தில் அடிபடுதல், பற்களை இறுகக் கடித்தல், உறக்கத்தில் பற்களை நறநறத்தல், உறக்கக் குறைவு, மனக்கவலை, வேறு மூட்டுநோய்கள், உடலின் வலியுணர்வு மண்டலமே கூர்மைப்பட்டிருத்தல் எனப் பல காரணங்கள் ஒருவரிடத்தே கூடிநிற்கும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் தொடங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஒப்பேரா' என்னும் ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. தலைவலி, முதுகுவலி, உறக்கக்கேடு ஆகியன உடையோரிடத்தில் இந்நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு மிகுதி என்று அவ்வாய்வு காட்டிற்று.

பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் கோலோச்சியது. இன்றைய ஆய்வுகள் அதற்கு வலிய சான்று தரவில்லை. இக்கருத்தின் வரலாற்றை அறிவது மருத்துவம் நாடுவோர்க்குப் பெரிதும் பயன்தரும்.

வரலாறு கற்பித்த பாடம்

தாடை இடம்பெயர்ந்து வாய் மூடாமல் நின்றுவிடுவதை மனிதகுலம் தொன்மைக்காலந்தொட்டே அறியும். ஏறத்தாழக் கி.மு. 1600-இல் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரசுச் சுவடியொன்று, இரு கைகளாலும் தாடையைப் பற்றி மீண்டும் இடத்தில் சேர்க்கும் முறையைக் கூறுகிறது. கிரேக்க நாட்டு இப்போகிரேத்தசின் பெயரால் வழங்கும் நூல்களும் அதனைக் கூறுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி தம் 'தஸ்ரீஃப்' நூலின் எலும்பு முறிவும் மூட்டுப் பெயர்வும் பற்றிய பகுதியில் இதனை விளக்கியுள்ளார். இவர்கள் அனைவரும் கையால் செய்யத்தக்கதைக் கையாலேயே செய்தனர். இன்றும் தாடை பெயர்ந்தால், பயிற்சி பெற்ற மருத்துவர் ஏறத்தாழ இம்முறையிலேயே அதனைச் சேர்க்கின்றார்.

நீடித்த தாடை வலி தனிநோயாகக் கருதப்பட்டது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1934-இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைவாய்ப் பற்களை இழந்தோர்க்குத் தாடை உள்ளழுந்தி, காதடைப்பும் காதுவலியும் தலைவலியும் உண்டாகின்றன என்றார். 'காஸ்டன் நோய்த்தொகுதி' என்றே அது பெயர்பெற்றது. அவர் கூறிய உடற்கூற்று விளக்கம் பின்னர் மறுக்கப்பட்டது. ஆயினும் 'பற்களின் பொருத்தத்தைச் சீர்செய்தால் வலி போகும்' என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. நல்ல பற்கள் தேய்க்கப்பட்டன, உறைகள் பொருத்தப்பட்டன, வாய் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது.

1950-களில் நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ சுவார்ட்ஸ் என்பார் தசைகளின் பங்கினை எடுத்துக்காட்டினார். 1969-இல் டேனியல் லாஸ்கின் என்பார், மன இறுக்கத்தால் தசை களைப்புறுவதே பலர்க்கு வலியின் தோற்றுவாய் என்று விளக்கினார். இதனால் நோயாளியின் உள்ளமும் வாழ்க்கைச் சூழலும் மருத்துவத்தின் பார்வைக்குள் வந்தன.

அதன்பின் வட்டினைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்தன. வட்டு இடம்பெயர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததனாலேயே அதனைத் திருத்த வேண்டும் என்று கருதி, வட்டினை அகற்றும் அறுவை பெருகியது. அகற்றிய இடத்தில் வைப்பதற்குச் செயற்கைப்பொருள் தேடினர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து வைடெக் நிறுவனம் 'புரோப்ளாஸ்ட் - டெஃப்லான்' என்னும் பொருளாலான பதியத்தைச் செய்தது. 1983-இல் அதற்கு அரசின் இசைவு கிடைத்தது. 20,000-க்கும் மேற்பட்ட பதியங்கள் விற்பனைக்குச் சென்றன.

மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அப்பொருளுக்கு இல்லை. அது நுண்துகள்களாகச் சிதைந்தது. அத்துகள்களை எதிர்த்து உடல் நடத்திய போரில் மூட்டின் எலும்பே அரிக்கப்பட்டது. சிலர்க்கு அரிப்பு மண்டையோட்டின் அடித்தளம்வரை சென்றது. முன்பிருந்த வலியினும் பன்மடங்கு வலியோடும், சிதைந்த தாடையோடும் பலர் வாழ நேர்ந்தது. 1990-இல் வைடெக் நிறுவனம் நொடித்துப்போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பதியங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் உடலுள் வைத்ததைத் திரும்பப் பெறுவது அத்துணை எளிதா?

இத்துன்பத்துக்குப் பின்னர், 1996-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் அறிஞர் கூட்டம் ஒன்றைக் கூட்டின. மீட்கத்தக்க எளிய மருத்துவமே முதலில் வேண்டும் என்று அக்கூட்டம் வற்புறுத்தியது. மீட்கத்தக்கது என்பது, நிறுத்தியவுடன் உடல் பழைய நிலையை அடையக்கூடிய மருத்துவம். ஒத்தடம் மீட்கத்தக்கது; தேய்த்த பல் மீளாது. பயிற்சி மீட்கத்தக்கது, அகற்றிய வட்டு மீளாது. இந்த வேறுபாடே இந்நோய் பற்றி ஒவ்வொருவரும் கற்கவேண்டிய தலையாய பாடம்.

மருத்துவத்தின் படிகள்

தாடை வலி பெரும்பாலும் ஏறி இறங்கும் இயல்பினது. சின்னாட்களில் தானே தணிவதும் உண்டு. பலர்க்கு எளிய முறைகளே போதும். ஆகவே படிப்படியாக ஏறுவதே முறை.

முதற்படி தற்காப்பு. சில கிழமைகள் மென்மையான உணவை உண்ணல் வேண்டும். முறுக்கு, வறுகடலை, கரும்பு, புரோட்டா, கடினமான இறைச்சி ஆகியவற்றை நீக்கி, இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு முதலியவற்றைக் கொள்ளலாம். நம் இல்லங்களில் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கஞ்சி இதற்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் மாதக்கணக்கில் தாடையை அசைக்காமலேயே வைத்திருத்தலும் தீது. வலி குறையக் குறைய இயல்பான உணவுக்குத் திரும்புதல் வேண்டும். சூயிங்கம் மெல்லுதலும் நகம் கடித்தலும் தொலைபேசியைத் தோளுக்கும் தாடைக்கும் இடையே இடுக்கிக்கொண்டு பேசுதலும் தவிர்க்கத்தக்கவை. கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையைக் கையால் தாங்கிக்கொள்ளலாம். வெந்நீர் ஒத்தடம் தசையைத் தளர்த்தும். அடிபட்ட புதிதில் குளிர் ஒத்தடம் நன்று.

அனைத்தினும் முதன்மையானது, பற்கள் சேர்ந்திருப்பதைக் கவனித்தல். ஓய்வுநிலையில் உதடுகள் சேர்ந்திருக்கலாம். பற்கள் சேர்ந்திருத்தல் கூடாது. தேர்வு எழுதும்போதும் வண்டி ஓட்டும்போதும் கணினி முன் அமர்ந்திருக்கும்போதும் நாம் அறியாமலே பற்களை இறுக்குகிறோம். தாடையைத் தளர்த்துவதற்கு மேனாட்டு மருத்துவர்கள் ஆங்கிலத்தின் 'என்' எழுத்தை ஒலிக்குமாறு கூறுவர். நாம் னகரத்தை ஒலிக்கலாம். றகரமும் னகரமும் நுனிநா அண்ணத்தைத் தொடப் பிறப்பவை என்பது இலக்கண மாணவர் அறிந்தது. 'ன்' என்று மெல்ல ஒலித்து நாவை அவ்விடத்தே நிறுத்தினால், பற்கள் விலகித் தாடை தானே தளர்வதைக் காணலாம்.

இரண்டாம் படி பயிற்சி. இயன்முறை மருத்துவர் தாடைக்கும் கழுத்துக்கும் உரிய பயிற்சிகளைக் கற்பிப்பார். இறுகிய தசையைக் கையால் அழுத்தித் தளர்த்துவார். மூட்டை மெல்ல இயக்குவார். 2023 டிசம்பரில் 'பிரித்தானிய மருத்துவ இதழ்' பன்னாட்டு அறிஞர் குழுவின் வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட தாடை வலிக்கு, வல்லுநர் மேற்பார்வையிலான தாடைப் பயிற்சி, உடல்நிலைப் பயிற்சி, கையால் செய்யும் தசைத் தளர்ச்சி, மூட்டியக்கம் ஆகியவற்றை அக்குழு உறுதியாகப் பரிந்துரைத்தது. செலவு குறைந்த இம்முறைகள் முன்வரிசையில் நிற்பது மகிழ்ச்சிக்குரியது.

மூன்றாம் படி உளவழி மருத்துவம். எண்ணங்களையும் பழக்கங்களையும் நெறிப்படுத்தி வலியைத் தாங்கும் ஆற்றலை வளர்க்கும் உளவியல் முறையையும் அவ்வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. 'உள்ளத்துக்கு மருத்துவம்' என்றவுடன் 'என் வலி பொய்யென்கிறீர்களா?' என்று நோயாளி வருந்துவது இயல்பு. வலி பொய்யன்று. வலியை உணர்வதும் மூளைதான், அதனைக் கூட்டிக் குறைப்பதும் மூளைதான். ஆகவே உறக்கத்தைச் சீர்செய்தலும் கவலையைத் தணித்தலும் மெய்யான வலிக்குரிய மெய்யான மருத்துவமே.

நான்காவது மருந்துகள். இப்யூபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் சின்னாட்களுக்குப் பயன்படலாம். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதயநோய், இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேளாது அவற்றை உட்கொள்ளல் கூடாது. கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குதல் பெருந்தீங்கு. அபின் இனத்து வலிநீக்கிகளை இந்நோய்க்குச் சேர்த்துக்கொடுப்பதை 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் உறுதியாக மறுத்துள்ளது.

ஐந்தாவது பல் காப்புத் தகடு. இரவில் பற்களின்மேல் அணியும் இத்தகட்டினைப் பல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவருகின்றனர். பல் நறநறப்பவரின் பற்கள் தேயாமல் காக்க இது உதவும். ஆனால் நீடித்த வலியைக் குறைப்பதில் இதன் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை. மேற்கூறிய வழிகாட்டுதல் வலிக்காக இதனைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. பற்களின் அமைப்பையே நிலையாக மாற்றிவிடும் தகடுகளையோ அது முற்றாக மறுக்கிறது. வலியைப் போக்குவதற்கென்று நல்ல பற்களைத் தேய்த்தலும் உறையிடுதலும் பல்வரிசையை மாற்றுதலும் இவ்வாறே தவிர்க்கத்தக்கவை.

ஆறாவது ஊசியும் துளைவழி மருத்துவமும். மூட்டினை ஊசிவழியே நீர்பாய்ச்சிக் கழுவும் முறை 1991-இல் அறிமுகமாயிற்று. நுண்குழல் கருவியால் மூட்டின் உட்புறத்தைக் காணும் முறையை ஜப்பானிய மருத்துவர் ஓனிஷி 1975-இல் வெளியிட்டார். வாய் திடீரெனப் பூட்டிக்கொண்டு எளிய முறைகளால் திறவாத நிலையில் வல்லுநர்கள் இவற்றைக் கருதுவர். நீடித்த வலிக்கெல்லாம் இவற்றைப் பொதுவாகச் செய்வதை 2023-ஆம் ஆண்டுக் குழு ஆதரிக்கவில்லை. வட்டினை அகற்றும் அறுவையை அக்குழு உறுதியாக மறுத்தது.

இறுதிப்படி செயற்கை மூட்டு. மூட்டின் எலும்புகள் ஒட்டிப்போய் வாய் திறவாதவர்க்கும், கட்டியால் மூட்டை இழந்தவர்க்கும், மூட்டழற்சியால் முற்றும் சிதைந்தவர்க்கும் இது வாழ்வளிக்கிறது. உலோகத்தாலும் வலிய நெகிழியாலும் ஆன இன்றைய செயற்கை மூட்டுகள் பழைய பதியங்களினும் பெரிதும் மேம்பட்டவை. ஆனால் வலி என்னும் ஒரே காரணத்துக்காக நாடத்தக்க முதல் வழி இஃதன்று.

யாரை நாடுவது?

2020-இல் அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை ஓர் உண்மையை வெளிப்படையாகக் கூறியது. உடல் மருத்துவமும் பல் மருத்துவமும் தனித்தனியே பிரிந்து நிற்பதால், இந்நோயாளர்கள் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகின்றனர் என்பதே அது. நம் நாட்டிலும் நிலை வேறன்று.

என் தமக்கையார்க்கு நேர்ந்தது இதற்கொரு சான்று. காதுவலி என்று தொடங்கிய அவர்க்குப் பல மாதங்கள் காதுக்குச் சொட்டுமருந்து விடப்பட்டது. காதில் குறையொன்றும் இல்லை என்று தெரிந்தபின், கடைவாய்ப் பற்கள் இரண்டு பிடுங்கப்பட்டன. வலி அப்படியே இருந்தது. இறுதியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஒருவர் கன்னத்துத் தசையை இரு விரல்களால் அழுத்தினார். "அதேதான், அதே வலிதான்" என்று என் தமக்கையார் அலறினார். பயிற்சியும் ஒத்தடமும் உணவுமாற்றமும் சில மாதங்களில் வலியைத் தாங்கும் அளவுக்குக் குறைத்தன. பற்கள் இரண்டும் போனவை போனவையே.

தாடை வலியுடையோர் முதலில் பல் மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ காட்டி, பற்சொத்தை, ஞானப்பல், காதுநோய் ஆகியன இல்லை என்று உறுதிசெய்து கொள்ளல் வேண்டும். வலி நீடித்தால் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். அங்கே 'வாய் மருத்துவமும் கதிரியக்கவியலும்' என்னும் துறை உண்டு. வாய், தாடை, முக அறுவை மருத்துவத் துறையும் உண்டு. முதல் துறையில் தொடங்குவது நன்று. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இவ்விரு துறைகளும் உள்ளன. நல்ல மருத்துவர் வாயின் திறப்பை அளப்பார். மூட்டையும் தசைகளையும் தொட்டு ஆய்வார். உறக்கம், கவலை, பிறவலிகள் பற்றிக் கேட்பார். பெரும்பாலும் கேட்டறிதலும் தொட்டறிதலுமே நோயைக் காட்டிவிடும். படங்கள் அனைவர்க்கும் வேண்டுவதில்லை.

காலந்தாழ்த்தாது கவனிக்க வேண்டியவை

தாடையில் வலி தோன்றுவதெல்லாம் தாடைநோய் அன்று. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, மார்பு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் உடன்வந்தால் அஃது இதயநோயாக இருத்தல் கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டில் புதிய தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றினால், அது தலையின் இரத்தக்குழாய் அழற்சியாகலாம். தாழ்த்தினால் கண்பார்வையே பறிபோகும். காயம்பட்டவர்க்கு வாய் பூட்டிக்கொண்டால் அது ரணஜன்னியின் அறிகுறியாகலாம். மின்னல் வெட்டியதுபோல் நொடிப்பொழுது முகத்தில் வலி பாய்ந்தால் அது நரம்புவலி; அதற்கு மருத்துவமே வேறு. முகத்தில் வீக்கமோ மரமரப்போ தோன்றினாலும் தாழ்த்தல் ஆகாது.

நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் மற்றொன்றும் உண்டு. பாக்கும் பாக்குக் கலந்த பொட்டலங்களும் மெல்லுவோர்க்கு வாயின் உட்தோல் வெளுத்து, நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் சிறிது சிறிதாகத் திறவாமற் போகும். இது மூட்டுநோய் அன்று. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. பாக்கினை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டல் வேண்டும். முகவாய்க்கட்டை அடிபட விழுந்த குழந்தைக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தாலும் பெற்றோர் வாளா இருத்தல் கூடாது. மூட்டெலும்புகள் ஒட்டிக்கொண்டால் தாடையின் வளர்ச்சியே குன்றிவிடும்.

மருத்துவரிடம் கேட்கத்தக்க வினாக்கள்

மருத்துவரிடம் வினா எழுப்புதல் அவமதிப்பு என்று நம் பெரியவர்கள் பலர் கருதுகின்றனர். பணிவோடு கேட்கும் வினா நல்ல மருத்துவர்க்கு உதவியே ஆகும். பின்வரும் ஐந்து வினாக்களைக் கேட்கலாம்.

1. என் வலி தசையில் உள்ளதா, மூட்டில் உள்ளதா?
2. தாங்கள் கூறும் மருத்துவம் மீட்கத்தக்கதா, மீட்கவியலாததா?
3. இதனினும் எளிய முறை ஏதேனும் செய்துபார்க்க எஞ்சியுள்ளதா?
4. எத்தனை நாட்களில், எந்த அளவு பயன் எதிர்பார்க்கலாம்? பயன் இல்லையேல் அடுத்தது என்ன?
5. ஒன்றும் செய்யாது காத்திருந்தால் என்ன நேரும்?

மீட்கவியலாத மருத்துவம் கூறப்பட்டால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டல் நன்று. தாடை வலியில் நாளும் மணியும் பார்த்து ஓடவேண்டிய அறுவை அரிது. சிந்திப்பதற்குக் காலம் உண்டு.

முடிவுரை

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கு கூறுகளாகக் கண்டார். தாடை மூட்டு வலியில் இந்நான்கும் தத்தம் கடமையைச் செய்தல் வேண்டும். நோயாளி தம் பழக்கங்களைக் கவனித்துப் பயிற்சியைத் தொடரவேண்டும். மருத்துவர் எளியதில் தொடங்கவேண்டும். மருந்து அளவோடு அமையவேண்டும். குடும்பத்தார், வெளியே காயமொன்றும் தெரியாத இவ்வலியை 'பாசாங்கு' என்று இகழாது நம்பவேண்டும். வீட்டில் ஒருவர் மென்மையான உணவு கேட்டால் அதைச் சமைத்துத் தருவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

முழுவதும் நீங்கிவிடும் என்று எவரும் அனைவர்க்கும் உறுதிகூற இயலாது. சிலர்க்கு வலி குறைந்தும் கூடியும் உடன்வாழும். அவர்களும் நன்றாக உண்டு, உரையாடி, ஓதி வாழ்தல் கூடும். திரும்பி வரக்கூடிய பாதையில் முதலில் நடப்போம். திரும்ப இயலாத பாதையில், வேறு வழி இல்லை என்று தெளிந்த பின்னரே அடிவைப்போம். இதுவே தாடை மூட்டு வலிக்கு மருத்துவம் நாடுவோர் கொள்ளத்தக்க நெறியாகும்.